அணில் வாயில் முயல் பேச்சு

ஒரு அணிலின் வாயில் முயலின் பேச்சைத் திணித்தவன் நான். இதை ஒப்புக்கொள்ள இத்தனை வருடம் ஆனதற்கு வெட்கம்தான் காரணம். மனச்சாட்சி என்று பெரிதாக எதுவும் உறுத்தவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், காந்திபுரத்தில் ஒரு மாடியறை ஸ்டுடியோவில் கார்ட்டூன் வரையச் சேர்ந்திருந்தேன். லோக்கல் கேபிள் டி.வி.க்கு விளம்பரம் செய்து கொடுப்பது தொழில். எனக்கு மூன்று மாதம் சோதனைக் காலம். தேறாவிட்டால் மேட்டுப்பாளையத்தில் சித்தப்பாவின் பாக்கு மண்டியில் போய் உட்கார வேண்டும் என்பது அப்பாவின் தீர்ப்பு. (பாக்கின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. சித்தப்பாவின் மேல்தான்.)

முதல் வேலை கிரைண்டர் விளம்பரம். ஒரு முயல், "அம்மணி, மாவாட்டப் பத்து நிமிஷம் போதுமுங்க" என்று சொல்லும். 'ஆ'வுக்கு ஒரு வாய், 'ஓ'வுக்கு ஒரு வாய், 'ம'வுக்கு மூடிய வாய் என்று ஏழு வாய் வரைந்து, குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எந்த இடத்தில் எந்த வாய் என்று ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். கண்ணாடியில் என் வாயையே பார்த்துப் பார்த்து வரைந்ததில் முயலுக்கு என் ஜாடை வந்துவிட்டது. முதலாளி பாராட்டினார். அத்தோடு எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாவது வேலை, சோமனூர் தறிக்காரர் ஒருவரின் துண்டு விளம்பரம். தோளில் துண்டு போட்ட அணில், "தோள்ல போட்டுப் பாருங்க, துண்டோட சொகம் தெரியுமுங்க" என்று சொல்ல வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கிரிக்கெட் மேட்ச். இரண்டு வசனமும் ஏறக்குறைய ஒரே நீளம். முயலுக்கு வைத்த வாய்களை அதே வரிசையில் தூக்கி அணிலுக்கு வைத்தேன். அணிலின் வாயை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்? அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. (மேட்சில் முதல் பந்திலேயே அவுட்.)

"தறிக்காரர் சரின்னு சொல்லிட்டா உன் வேலை பர்மனென்ட்" என்று முதலாளி கேசட்டைக் கொடுத்து என்னைச் சோமனூருக்கு அனுப்பினார்.

தறிக்காரர் பழனிச்சாமி என்னை நேராகத் தறிக்குடோனுக்குள்ளேயே அழைத்துப் போனார். வேலை செய்கிறவர்களுக்குச் சடவு தெரியாமல் இருக்க அங்கே ஒரு டி.வி.யும் கேசட் போடும் டெக்கும் வைத்திருந்தார். பதினாறு தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. என் குரல் எனக்கே கேட்கவில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சத்தமே கேட்காத இடத்தில் வாய் பொருந்தவில்லை என்று எவன் கண்டுபிடிப்பான்?

கேசட் ஓடியது. அணில் வாயைத் திறந்ததும் குடோன் முழுக்கச் சிரித்தது. பாராட்டு என்று நினைத்து நான் கும்பிடு வேறு போட்டேன். தூரத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்த பழனிச்சாமியின் மகள் சுமதி, வாயை மட்டும் அசைத்து அப்பாவிடம் ஏதோ சொன்னாள். அவரும் வாயை மட்டும் அசைத்துப் பதில் சொன்னார். பிறகு என் காதில் கத்தினார்.

"ஏனுங்க தம்பி, அணிலு எதுக்கு மாவாட்டச் சொல்லுது?"

அந்த இரைச்சலிலேயே வளர்ந்தவர்கள் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறார்கள். என் முயல் விளம்பரம் அந்த டி.வி.யில் தினமும் ஓடியிருக்கிறது. முயலின் குரலை அவர்கள் கேட்டதே இல்லை, வாய் மட்டும் மனப்பாடம்.

அவமானம் எனக்குக் கோபமாகத்தான் வரும். டி.வி.யை அணைத்து, பழனிச்சாமிக்கு முதுகைக் காட்டிக் குனிந்து கேசட்டை எடுத்தபடி முணுமுணுத்தேன்: "துண்டு விக்கிற ஆளுக்கு இதைப் பத்தி என்ன மண்ணாங்கட்டி தெரியும்?"

நிமிர்ந்தால், பக்கத்தில் நூல் கூடையோடு சுமதி. அவள் பார்வை என் உதட்டில் இருந்தது.

வெளியே வந்ததும் பழனிச்சாமி மகளிடம் கேட்டார். "தம்பி என்னமோ சொன்னாப்ல இருந்துச்சே கண்ணு?"

எனக்குப் பாக்கு வாசனையே அடித்துவிட்டது. சுமதி என்னைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஒரு வாரம் டைம் குடுத்தா சரி பண்ணிப்போட்டு வாரேன்னாருங்கப்பா."

"செரி, பண்ணிட்டு வாங்க தம்பி" என்றார் அவர்.

அந்த ஒரு வாரம் நான் உழைத்த உழைப்பை அதற்கு முன்னும் உழைத்ததில்லை, பின்னும் இல்லை. மறுபடி தறிகள் ஓட ஓட கேசட்டைப் போட்டேன். அணிலின் வாயைப் பார்த்துக் குடோனில் இருந்த அத்தனை வாயும் சத்தமில்லாமல், "தோள்ல போட்டுப் பாருங்க" என்று அசைந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை நிரந்தரமானது.

அதன் பிறகு சோமனூருக்குப் போக எனக்கு ஏதாவது ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. இரண்டு வருடம் கழித்து அதே ஊரில் எனக்கும் சுமதிக்கும் கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த மாமனாரிடம் மனசு கேட்காமல் சொன்னேன்.

"அன்னைக்கு உங்களைப் பத்தித் தப்பா ஒண்ணு சொல்லிட்டேனுங்க மாமா."

"தெரியுமுங்க மாப்ள. டி.வி.யை அணைச்சதும் அந்தக் கண்ணாடில உங்க மூஞ்சி பளிச்சுனு தெரிஞ்சுது. மண்ணாங்கட்டி வரைக்கும் படிச்சுப்போட்டேன்."

எனக்குப் பாயசம் புரையேறியது. "அப்புறம் எதுக்குங்க ஒரு வாரம் குடுத்தீங்க?"

"எம் புள்ள அதுவரைக்கும் எங்கிட்டப் பொய்யே சொன்னதில்லீங்க. உங்களுக்காகச் சொல்லுச்சு. செரி, ஆளு ஒண்ணும் மோசமா இருக்காதுன்னு உட்டுப்போட்டேன்."

எனக்காக மகள் பொய் சொன்னாள், அப்பா தெரிந்தும் பேசாமல் இருந்தார். இந்த இரண்டு பேருக்கும் நான் எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. ஆனால் வாயைத் திறக்கத்தான் வழியில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது டி.வி.யை அணைத்தால், மாமனார் முதல் என் பிள்ளைகள் வரை எல்லோரும் அந்தக் கண்ணாடியில் என் வாயைத்தான் பார்க்கிறார்கள். நான் கையால் பொத்திக்கொள்கிறேன்.