உட்கார்ந்து பார்க்கிற வேலை

சாய்தளம் தயாராகிவிட்டது. அதில் ஏற முடியவில்லை என்பது ஒன்றுதான் குறை.

"இறங்குறதுக்கு அருமையா இருக்கு அத்தான்!" என்று மச்சான் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து கத்தினான். அங்கே போகும் எண்ணம் அவனுக்கு இருக்கவில்லை. வாசலில் நின்று பலகையின் உச்சியில் ஒரு காலை வைத்தது மட்டும்தான் அவன் செய்தது. மற்றதைப் பலகை பார்த்துக்கொண்டது.

நிறுவனர் தெருவை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், மறுபடி இந்தப் பக்கமே பார்த்தார்.

அவரை எல்லோரும் நிறுவனர் என்றே அழைத்தார்கள். விசிட்டிங் கார்டில் அப்படித்தான் போட்டிருந்தது. அந்த வேலைவாய்ப்பு மையத்தை நிறுவியவர் அவர், நடத்துபவர் அவர், காலையில் பெருக்குபவரும் அவரே. கடைகளுக்கு விற்பனையாளர்கள், கம்பெனிகளுக்குக் காவலாளிகள், வீடுகளுக்கு டிரைவர்கள் என்று ஒரு காலத்தில் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். இப்போது அவரவர் கைபேசியிலேயே அவரவர் வேலையைத் தேடிக்கொண்டார்கள். மையத்தில் வேலை பார்ப்பவர்கள் என்று மிஞ்சியது அவரும், மனைவியின் தம்பியான மச்சானும்தான்.

மாமனார் நல்ல மனிதர். இரும்புக்கடை வைத்திருந்தார். "ஒண்ணும் அவசரமில்ல மாப்பிள்ளை. திங்கக்கிழமை வந்து தராசுல உக்காந்தா போதும்" என்று அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பை நினைக்கும்போதெல்லாம் நிறுவனர் தன் விசிட்டிங் கார்டை எடுத்து ஒருமுறை படித்துக்கொண்டார்.

தப்பிக்க இருந்த ஒரே வழி நலத்துறை. மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடித்தரும் பொறுப்பைத் தனியார் மையங்களிடம் ஒப்படைக்கப் போவதாக அது அறிவித்திருந்தது. அங்கீகாரம் கிடைத்தால் ஆட்களை அவர்களே அனுப்புவார்கள், கட்டணத்தையும் அவர்களே கொடுப்பார்கள். கிடைக்காவிட்டால் ஆணி, போல்ட்டு, நட்டு.

நிபந்தனைகள் எளிமையானவை. சக்கர நாற்காலியில் வருபவர் தானாக உள்ளே வர முடியவேண்டும். கழிப்பறை அவர்களுக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். மையம் வேலை வாங்கிக்கொடுத்த மாற்றுத்திறனாளி ஒருவராவது இப்போது வேலையில் இருக்கவேண்டும். சோதனை அதிகாரி அந்த வேலையிடத்துக்கே போய்ப் பார்ப்பார். அதிகாரி இன்று வருவார். எத்தனை மணிக்கு வருவார், யார் வருவார் என்று முன்கூட்டிச் சொல்லும் வழக்கம் இல்லை.

"சாய்வு ஜாஸ்திடா" என்றார் நிறுவனர். "பலகையை நீட்டணும்."

"பலகைக்கு எங்க போறது?"

இருவரும் அலுவலகத்துக்குள் நுழைந்து சுற்றிலும் பார்த்தார்கள். சற்று நேரத்தில் கழிப்பறைக் கதவு கழன்று வந்து சாய்தளத்தின் நுனியில் ஆணியடிக்கப்பட்டது. இப்போது ஏற முடிந்தது. ஆனால் கழிப்பறைக்குக் கதவு இல்லை.

"கதவு அகலம் போதாதுன்னு யாரும் குறை சொல்ல முடியாதுல்ல" என்றான் மச்சான்.

கதவிருந்த இடத்தில் மையத்தின் பழைய விளம்பரப் பதாகையைத் தொங்கவிட்டார்கள். அதில் நிறுவனர் இரு கைகளையும் விரித்து, வாருங்கள் என்று சிரித்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் அந்தச் சிரிப்பு அவ்வளவு பொருத்தமாக இல்லை. ஆனால் அதை மாற்ற நேரமில்லை. ஏனென்றால் அப்போதுதான் மச்சான் மெதுவாக, "அத்தான், நம்ம மூட்டை கட்டுற அண்ணன் வேலையை விட்டுட்டாராம்" என்றான்.

நிறுவனர் அப்படியே நின்றுவிட்டார். காது கேளாத அந்த மனிதருக்கு ஒரு கிடங்கில் வேலை வாங்கிக்கொடுத்ததுதான் அவர் காட்டவேண்டிய ஒரே சாதனை.

"எப்போ?"

"நேத்து. இதைவிட நல்ல வேலை கிடைச்சுப் போயிட்டாராம்."

"யார் வாங்கிக் குடுத்தா?"

"அவரே தேடிக்கிட்டாராம்."

நிறுவனருக்கு இந்தக் கடைசி விவரம்தான் அதிகமாக வலித்தது. அவர் மேஜையைச் சுற்றி ஒருமுறை நடந்தார், எதிர்த்திசையில் இன்னொருமுறை நடந்தார்.

அந்த நேரம் வாசலில் டொக் டொக் என்று சத்தம் கேட்டது. ஊன்றுகோலுடன் ஒரு பெண் நின்று அதன் நுனியால் சாய்தளத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுத்தர வயது, இஸ்திரி போட்ட புடவை, தோளில் ஒரு பை. "இங்க ஆணி ஒண்ணு நீட்டிக்கிட்டிருக்குங்க" என்று சொல்லிவிட்டு, சாய்தளத்தை நம்பாமல் பக்கத்துப் படியிலேயே ஏறி உள்ளே வந்தாள்.

மச்சான் நிறுவனரின் சட்டையைப் பிடித்து இழுத்தான். "அதிகாரி!"

"ஊன்றுகோல் வச்சிருக்காங்களேடா. வேலை கேட்டு வந்திருப்பாங்க."

"நலத்துறை பயிற்சி வகுப்புல என்ன சொன்னாங்க அத்தான்? பார்த்த உடனே ஒருத்தரை முடிவு பண்ணாதீங்கன்னு சொன்னாங்களா இல்லையா? ஊன்றுகோல் வச்சிருந்தா அதிகாரியா இருக்கக்கூடாதா?"

நிறுவனருக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் தன்னைத் திருத்திக்கொண்டார். அன்றைக்கு அவர் செய்த பெரிய தப்பு அதுதான்.

"வணக்கம் மேடம்! என்ன விஷயமா வந்திருக்கீங்க?"

"வேலைக்குத்தாங்க."

"வேலைக்கு!" நிறுவனர் மச்சானைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "ஆமாமா. அப்படித்தான் சொல்லணும்."

"புரியலீங்க."

"நான் புரிஞ்சுக்கிட்டேன் மேடம். நீங்க சொல்லுங்க."

அவள் சொன்னாள். ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். கம்பெனி மாடிக்குக் குடிபெயர்ந்தது. லிப்டு இல்லை. கொஞ்ச நாள் ஏறிப் பார்த்தாள், முடியவில்லை. வீட்டில் படிக்கிற மகள் இருக்கிறாள். இந்த மாதத்துக்குள் ஏதாவது ஒரு வேலை கிடைத்தே ஆகவேண்டும்.

"பிரமாதம்" என்றார் நிறுவனர் மனம் உருகி. "அப்படியே நேர்ல பார்க்கிற மாதிரி சொல்றீங்க."

அவளை மின்விசிறியின் கீழே உட்கார வைத்தார். அங்கிருந்து கழிப்பறை நேராகத் தெரிந்ததால் எழுப்பிச் சுவரோரம் உட்கார வைத்தார். அங்கே வெயில் அடித்ததால் வாசலோரம் மாற்றினார்.

"ஐயா, நான் உக்கார வரலை" என்றாள் அவள். "எனக்கு ஏத்த வேலை இருக்கா, இல்லையா?"

"முதல்ல நாங்க வேலை வாங்கிக் குடுத்தவங்களை நீங்க பார்க்கணும் மேடம். அப்புறம் முடிவு உங்க கையில." சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அப்படி யாரும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

உள்ளே ஓடிப்போய் பேக்கரிக்காரம்மாவுக்குப் போன் போட்டார். கல்லாவுக்கு ஆள் வேண்டுமென்று அந்தம்மா வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னுமா யோசிக்கிறீங்க? அனுப்புங்க!" என்று பேக்கரிக்காரம்மா இரைந்தார். "உக்காந்து காசு வாங்கணும், மிச்சம் குடுக்கணும், ரெண்டையும் சரியா செய்யணும். அவ்வளவுதான். இங்க கூட்டம் அள்ளுது."

வேலை இருந்தது. கணக்குத் தெரிந்த, உட்கார்ந்து பார்க்கிற வேலைக்காக ஏங்கிக்கொண்டிருந்த ஆளும் வாசலோரமே இருந்தாள். ஆனால் அதிகாரியைக் கல்லாவில் உட்கார வைக்க முடியுமா? நிறுவனர் வேறு ஆளுக்காகத் தவித்தார்.

அப்போதுதான் ஒரு மனிதர் வந்தார். கையில் துணிப்பை, முகமெல்லாம் வியர்வை, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். சாய்தளத்தில் பாதி ஏறினார், சறுக்கினார், மறுபடி ஏறினார். வாசலோரம் இருந்த பெண் ஊன்றுகோலை நீட்டி, "பிடிச்சுக்குங்க" என்று அவரை இழுத்துவிட்டாள். மனிதர் மூச்சு வாங்கியபடி அவள் பக்கத்து நாற்காலியில் சரிந்தார். இருவரும் பேச ஆரம்பித்தார்கள். அவள் தன் கைபேசி எண்ணைச் சொல்ல, அவர் குறித்துக்கொண்டார்.

நிறுவனர் மச்சானின் காதருகே குனிந்தார். "டேய், அதிகாரியம்மா அந்த ஆளை விசாரிக்க ஆரம்பிச்சுட்டாங்க! நம்மகிட்ட இன்னும் வேலையே கிடைக்கலைன்னு அவர் சொல்லிட்டா?"

"சொல்றதுக்குள்ள வாங்கிக் குடுத்துடலாம் அத்தான்."

நிறுவனர் பாய்ந்துபோய் மனிதரின் தோளில் கைபோட்டு எழுப்பி ஓரமாக அழைத்துவந்தார்.

"நான் வந்தது எதுக்குன்னா..." என்று மனிதர் ஆரம்பித்தார்.

"தெரியும். உங்க வாயால சொல்லவே வேணாம். காலு எப்பலேர்ந்து இப்படி?"

"சின்ன வயசுலேர்ந்து. ஆனா நான் இப்ப..."

"இப்ப என்ன பண்றீங்க?"

"என்ன பண்றது? தினமும் ஆபீஸ் ஆபீசா ஏறி இறங்கிட்டிருக்கேன். இன்னிக்கு உங்க ஆபீசு."

"அடடா. போதும் நீங்க அலைஞ்சது!" நிறுவனருக்குக் கண் கலங்கியே விட்டது.

மனிதர் பொறுமையாக, "எனக்கு அந்த வேலை செய்யுற இடத்தை நேர்ல பார்க்கணும்" என்றார்.

"பார்த்தியாடா இந்த ஆர்வத்தை? டேய், வண்டியை எடு!"

மறுகணம் மச்சானின் இருசக்கர வண்டி மனிதரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பேக்கரியை நோக்கிப் பறந்தது. நிறுவனர் நிம்மதியாக மூச்சு விடப் பார்த்தார். மூச்சு வந்தது, நிம்மதி வரவில்லை.

மச்சான் திரும்பி வந்தான். "இறக்கி விட்டதுதான் தெரியும் அத்தான். அந்தம்மா அவரைப் பேசவே விடலை. கையோட கூட்டிட்டுப் போய்க் கல்லாவுல உக்கார வச்சிட்டாங்க."

"அவர் என்ன சொன்னார்?"

"ஏதோ சொல்ல வந்தார். அதுக்குள்ள நாலு பேர் காசை நீட்டிட்டாங்க."

மதியம் தாண்டியது. வாசலோரப் பெண் அசையவில்லை. நிறுவனர் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார், பத்திரிகை கொடுத்தார், பத்திரிகையை வாங்கிக்கொண்டு வேறு பத்திரிகை கொடுத்தார். அவள் ஒருமுறை கழிப்பறை எங்கே என்று கேட்டாள். எழுந்து அந்தப் பக்கம் போனவள், கைவிரித்துச் சிரிக்கும் நிறுவனரைப் பதாகையில் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

இனியும் தாமதித்தால் ஆபத்து என்று பட்டது. நிறுவனர் பேக்கரிக்குப் போன் போட்டு, அவளுக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

"நாங்க அனுப்பின மாற்றுத்திறனாளி எப்படிம்மா வேலை பார்க்கிறார்?"

"தங்கமான மனுஷன்ங்க!" பேக்கரிக்காரம்மாவின் குரல் அறையை நிறைத்தது. "ஒரு தப்பு வரலை. காலை நீட்ட ஒரு முக்காலி போட்டுக் குடுத்தேன். மனுஷனுக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. கல்லாவுக்கு இப்படி ஒரு ஆளைத்தான் தேடிட்டிருந்தேன்."

நிறுவனர் வெற்றியோடு திரும்பினார். "கேட்டீங்களா மேடம்?"

அவள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். ஊன்றுகோலால் தரையை ஓங்கித் தட்டினாள்.

"கல்லா வேலையா? உக்காந்து பார்க்கிற வேலை. கணக்கு வேலை. காலைலேர்ந்து நான் உங்க முன்னாடி உக்காந்திருக்கேன். எனக்குப் பின்னாடி வந்தவரை வண்டியில ஏத்தி அனுப்பினீங்க. நான் என்ன குறைச்சல்?"

"மேடம், நீங்க அதிகாரி..."

"எந்த அதிகாரி? வேலைக்கு வந்திருக்கேன், வேலைக்கு வந்திருக்கேன்னு எத்தனை தடவைங்க சொல்றது?"

நிறுவனர் மச்சானைப் பார்த்தார். மச்சான் மின்விசிறியைப் பார்த்தான்.

"நிஜமாவே வேலைக்கா?"

"ஒருத்தி சொல்றதைக் காதுல வாங்கிக்காத நீங்க, ஊருக்கெல்லாம் வேலை வாங்கிக் குடுக்கப் போறீங்களாக்கும்" என்று சொல்லிவிட்டு, அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"அத்தான்" என்றான் மச்சான் மெல்ல. "இவங்க வேலைக்கு வந்தவங்கன்னா... அதிகாரி யாரு?"

கேள்வி முடியும் முன்பே போன் அடித்தது. பேக்கரியிலிருந்துதான். ஆனால் பேசியது பேக்கரிக்காரம்மா இல்லை.

"சார், காலைல வந்தேனே, நான்தான். நலத்துறை சோதனை அதிகாரி."

நிறுவனர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஐயா! மன்னிச்சுடுங்கய்யா! அந்தக் கல்லாவை விட்டு எந்திரிங்க. இதோ மச்சானை வண்டியோட அனுப்புறேன்..."

"ஐயையோ, வண்டியெல்லாம் அனுப்பிடாதீங்க!" அந்தக் குரலில் உண்மையான பயம் இருந்தது. "இவருக்குத்தான் அனுபவம் இருக்குன்னு சொல்லி, எங்க ஆபீஸ்ல எல்லா மாடிப்படிக்கும் என்னையே அனுப்புவாங்க. இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு நாற்காலி போட்டவங்க கிடையாது. மதியமே போன் போட்டு ராஜினாமா சொல்லிட்டேன்."

"அப்போ என் அங்கீகாரம்?"

"உங்க சேவையை மாதிரி நான் எங்கயும் பார்த்ததில்ல சார். சொல்ல வந்ததைக் கேக்காமயே வேலை வாங்கிக் குடுத்துட்டீங்க. ஆனா அங்கீகாரம் குடுக்கிற அதிகாரம் இப்ப எனக்கு இல்லையே."

"வேற யாருங்க வருவாங்க?" நிறுவனரின் கண் முன்னால் தராசு ஆடியது.

"என் இடத்துக்கு உடனே ஆள் வேணும்னு எங்க மேலதிகாரி ஒத்தைக் கால்ல நின்னார். தற்காலிகமாத்தான். மாடி ஏறச் சொல்லக்கூடாது, கீழ்த்தள ஆபீசா பார்த்துக் குடுக்கணும்னு கண்டிப்பா பேசி, ஒரு நல்ல ஆளோட நம்பரைக் குடுத்திருக்கேன். காலைல உங்க வாசல்ல என்னை இழுத்துவிட்டாங்களே..."

நிறுவனர் மெல்லத் திரும்பினார்.

வாசல்படியில் அந்தப் பெண் கைபேசியைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அன்று முதல்முறையாக அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"எனக்கு வேலை கிடைச்சிருச்சுங்க" என்றாள். "நாளைக்கு முதல் சோதனையே உங்க ஆபீஸ்தானாம், ஆனா எத்தனை மணிக்கு வருவேன்னு உங்ககிட்ட சொல்லக்கூடாதாம்."