தெப்பத்தின் வயிற்றில் தண்ணீர்

திருவதிகை நாதஸ்வர வித்வான், என் மனைவியின் மூத்த சகோதரர் திரு. கலியமூர்த்தி அவர்களுக்கு,

நெய்வேலியிலிருந்து சடையப்பன் பணிந்து எழுதுவது. இங்கு நானும் தங்கள் தங்கை சரிதாவும் நலம். அவளுடைய முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகவில்லை. தாங்களும் தங்கள் நாதஸ்வரத்தின் நாணல் சீவாளிகளும் நலம் என நம்புகிறேன். போனில் சொன்னால் சிரித்துவிட்டு வைத்துவிடுவீர்கள். ஆகவே எழுத்தில் தெரிவிக்கிறேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் குடியிருப்பு வட்டத்து அம்மன் தெப்பத்தில் அமர்ந்து வாசிக்கத் தாங்கள் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். தங்களுக்கு நீச்சல் தெரியாது. சுரங்க விபத்துத் தடுப்புப் பாதுகாப்புப் பிரிவில் பணியாற்றுபவன் என்ற முறையிலும், தங்கையைக் கட்டியவன் என்ற முறையிலும், நடந்ததைக் கூறுவது என் கடமை.

தெப்பம் கட்டியவர் பரமசிவம். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. அங்கே பாதை மறிக்க நிறுத்தும் ட்ரம்கள் லாரிக் காற்றில் விழாதிருக்க, அவற்றில் பாதியளவு தண்ணீர் ஊற்றுவது அவருடைய வழக்கம். இங்கே ட்ரம்களைப் படுக்கவைத்து, மேலே பலகை கட்டி, அதே வழக்கப்படி பாதித் தண்ணீரும் ஊற்றிவிட்டார். வினவியபோது, "காலி ட்ரம்மு துள்ளும் சார். பாதி தண்ணி இருந்தா கல்லு மாதிரி குந்திக்கினு இருக்கும், பாருங்க" என்றார்.

நேற்று மாலை வெள்ளோட்டம். காற்றே இல்லை, குளத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை, படியிலிருந்து லேசாகத் தள்ளிவிட்ட தெப்பம், தூக்கத்தில் புரண்டு படுப்பவரைப் போல மெதுவாக இடப்பக்கம் சாய்ந்து, சாய்ந்தபடியே எதையோ யோசித்து, உள்ளுக்குள் 'கொளக்' என்று ஒரு சத்தம் கேட்டதும் வலப்பக்கம் புரண்டது. அதைப் பார்த்தும் நம்ம பூசாரி குத்துவிளக்கோடு ஏறினார், விளக்கு நழுவ, அதைப் பிடிக்க இவர் ஓட, ட்ரம்முக்குள் இருந்த தண்ணீர் மொத்தமும் இவர் பின்னாலேயே ஓட, கடைசியில் மனுஷன் மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு விளக்கை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

பூ விற்கும் அமிர்தம், "ஆத்தாவுக்கு இதுல ஏற இஷ்டமில்லீங்க. அதான் காலால தள்ளிவுடுறா" என்றார். நான் விளக்கினேன்: பாதி நிரம்பிய ட்ரம்மில் தண்ணீருக்கு ஓட இடம் உண்டு. தெப்பம் ஒரு விரற்கடை சாய்ந்தாலும் அது தாழ்ந்த பக்கமே ஓடிப்போய்ச் சாய்வோடு சேர்ந்துகொள்ளும், நிமிர விடாது. முழுக்க நிரப்பினால் ஓடாது, ஆனால் தெப்பம் மிதக்காது. முற்றிலும் காலியாக இருப்பதே உத்தமம்.

"சரிங்க. தண்ணி ஓடுது. அத யாரு ஓடச் சொன்னதுங்க?" என்றார் அமிர்தம்.

நான் ட்ரம்களை எண்ணிக் குறித்துக்கொண்டேன்.

இன்று காலை என் முன்னிலையில் எல்லா ட்ரம்களும் வடிக்கப்பட்டு, மூடி முறுக்கப்பட்டன. தெப்பம் மட்டமாக நிற்கிறது. பானக அண்டாவையும் கரையிலேயே வைக்கச் சொல்லிவிட்டேன். ஆகவே தாங்கள் அச்சமின்றி ஏறலாம். நடுவில் அமரவும், ராகத்துக்கேற்ப உடம்பை ஆட்டுவதைத் தவிர்க்கவும்.

அம்மன் தங்கள் மூச்சுக்கும் விரல்களுக்கும் துணையிருக்கட்டும். தங்கள் வீட்டு அக்காவுக்கு எங்கள் வணக்கம்.

தங்கள் பணிவுள்ள,
சடையப்பன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் ஒருமுறை சரிபார்க்கக் குளத்துக்குப் போனேன். ட்ரம்களைத் தட்டினேன், காலி. கரையேறியதும் 'கொளக்'. தெப்பம் நான் நின்ற கிழக்குக் கரைப் பக்கம் சாய்ந்தது. தென்கரைக்கு நடந்தேன்; அதுவும் மெல்லத் திரும்பித் தென்பக்கம் சாய்ந்தது. சோதனையை முறைப்படி முடிக்க மற்ற இரு கரைகளுக்கும் போனேன். போயிருக்கக் கூடாது. பரமசிவம் படியில் உட்கார்ந்திருந்தார். "நானும் பாத்துக்கினுதான் சார் இருக்கேன். நீங்க வூட்டுக்குப் போங்க, அது அடங்கிடும்" என்றார்.

ஆகவே மேற்கண்ட அனுமதியை ரத்து செய்கிறேன். தெப்பத்தில் ஏற வேண்டாம், கரையிலிருந்தே வாசியுங்கள். எந்தக் கரை என்பதை மட்டும் குளத்தருகே வாய்விட்டுச் சொல்லாதீர்கள்.