பெண் வீட்டு வாசலில் ஒரு டேங்க்

எங்கள் கொங்குப் பக்கத்தில் முடியாது என்று யாரும் முகத்துக்கு நேராகச் சொல்லமாட்டார்கள். டிராக்டரை இரவல் கேட்டாலும் சரி, பெண்ணைக் கட்டித்தரக் கேட்டாலும் சரி, ஒரே பதில்தான்: "கலந்துட்டுச் சொல்றமுங்க." அப்புறம் கலக்கவும் மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். இது இங்கே பிறந்த பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பதில் பூங்கொடி வீட்டிலிருந்து வந்தபோது மட்டும், நிஜமாகவே உட்கார்ந்து கலந்துகொண்டிருக்கிறார்கள் என்று நம்பினேன்.

பூங்கொடி, பொள்ளாச்சிக்குத் தெற்கே தோப்பு வைத்திருந்த நாச்சிமுத்துவின் ஒரே மகள். தோப்பை அவர் பார்த்தார். அதை ஒட்டிய தென்னைநார் மில்லை அவள் நடத்தினாள். நான் சூலூரில் ஒரு டிரெய்லர் வைத்துக்கொண்டு, பாய்லர், டிரான்ஸ்பார்மர் என்று கனத்தது எதுவானாலும் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தேன். பெண் பார்க்கப் போன அன்று நாச்சிமுத்து கேட்டார்:

"தம்பி லாரி ஓட்டறீங்களாக்கு?"

"டிரெய்லருங்க."

"ஓ. நீளமான லாரிங்க."

(அந்தத் திருத்தத்தை நான் சொல்லாமலே இருந்திருக்கலாம்.) காபி டம்ளரைக் கீழே வைத்தோம். கலந்துட்டுச் சொல்றமுங்க என்றார். அன்றிலிருந்து போன் மணி அடித்தால் சோப்பு நுரையோடு ஓடிவந்து எடுத்தேன். எடுத்தால் கிரெடிட் கார்டு வேணுமா என்று யாரோ கேட்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பட்டாளத்து வேலை வந்தது. டேங்க் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ராணுவப் பயிற்சிப் பள்ளி ஒன்றை ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். (எங்கிருந்து எங்கே என்று கேட்காதீர்கள். பட்டாளத்து விஷயம். அதுவுமில்லாமல் அங்கே என்னை இன்னும் யாராவது ஞாபகம் வைத்திருக்கலாம்.) பெஞ்சு, பலகை, கட்டில் எல்லாம் அவர்களுடைய லாரிகளிலேயே போய்விட்டன. மிச்சம் நின்றது பாடம் நடத்தும் டேங்க். அது ஓடாது, சுடாது. உள்ளே இருப்பதை மாணவர்கள் பார்ப்பதற்காக ஒரு பக்கத் தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, பாகத்துக்கு ஒரு நிறமாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அதை ஏற்றிப் போக என்னைக் கூப்பிட்டார்கள். மதியம் புது முகாமில் பள்ளித் திறப்பு. டேங்கைப் பீடத்தில் நிறுத்தி, மாலை போட்டு, முதல் வகுப்பை ஆரம்பிக்க வேண்டும். துணைக்கு வேலூர்ப் பக்கத்து சுபேதார் ஒருவர் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

டேங்கைச் சங்கிலி போட்டுக் கட்டும்போதே எனக்குப் புத்தி வேறு பக்கம் ஓடிவிட்டது. நாங்கள் போகிற ரோட்டிலிருந்து கொஞ்சம் ஒதுங்கினால் நாச்சிமுத்து தோப்பு. வீட்டு வாசலை ஒட்டிப் போகும் இட்டேரி மில் களத்தில் போய் முடியும். (இட்டேரி என்றால் இரண்டு பக்கமும் வேலி வைத்த வண்டித்தடம்.) களத்தில் நார் லாரிகள் திரும்ப இடமுண்டு. ஆக, போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் டேங்கோடு அந்த வாசலைக் கடக்கலாம். நீளமான லாரியாம். பார்க்கட்டும்.

பொள்ளாச்சி தாண்டி வண்டியை ஒடித்ததும் சுபேதார் கேட்டார்:

"இன்னா தம்பி, ரூட்டு இது இல்லியே?"

"அந்தப் பக்கம் பாலத்து வேலை நடக்குதுங்க சார். இது குறுக்கு வழிங்க."

எல்லாம் திட்டப்படிதான் நடந்தது, வாசல் வரைக்கும். அன்று காலையில் தென்னைக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள். எங்கேயோ மடை உடைந்து இட்டேரி சாந்து மாதிரி குழைந்து கிடந்தது. சரியாக வாசலுக்கு நேராக வந்து, ஸ்டைலாக ஒரு ஹாரன் அடித்தேன். டிரெய்லர் ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்துகொண்டது. சக்கரங்கள் பாதி காணாமல் போயின.

இன்ஜினை அணைத்தபோதுதான் பார்த்தேன், வாசலுக்குள் ஒரு கார் மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. காரில் ஏறப்போன ஓர் அம்மா, நாச்சிமுத்துவைக் கும்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்: "கலந்துட்டுச் சொல்றமுங்க."

வேறொரு மாப்பிள்ளை வீடு. பையன் நவீன், சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. மில்லை விட்டுவிட்டு டவுனுக்குக் குடிவர மாட்டேன் என்று பூங்கொடி சொல்லிவிட்டாளாம். அதனால்தான் இந்த விடைபெறல். அவர்கள் போயிருந்தால் அன்றோடு அந்தப் பேச்சு முடிந்திருக்கும். போவதற்கு வழியில்லாமல் டேங்க் நிறுத்தியிருந்தவன் நான்.

இதற்கென்றே போட்டு வந்த வெள்ளைச் சட்டையோடு முழங்கால் சேற்றில் இறங்கினேன்.

"ஏனுங்க தம்பி," என்றார் நாச்சிமுத்து, "ஊட்டை மறிச்சு டேங்க் நிறுத்தித்தான் பொண்ணு கேப்பீங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க மாமா. குறுக்கு வழின்னு வந்தேனுங்க."

"எங்கீங்க குறுக்கு வழி? இந்தத் தடம் நம்ம மில்லோட முடிஞ்சு போச்சுங்களே."

சுபேதார் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பீரங்கிக் குழாய்கூட அவ்வளவு நிதானமாகத் திரும்பியிருக்காது. பிறகு தள்ளிப் போய் இந்தியில் போன் பேசினார். பேசும்போது விறைப்பாகவே நின்றார்.

"மீட்பு வண்டி சாயங்காலம் வரும்," என்றார் திரும்பி வந்து. "அங்க வெறும் பீடத்துக்கு மாலை போட்டுட்டாங்கோ."

கோபத்திலும் விருந்தாளியைச் சாப்பிடாமல் விடுவது எங்கள் வழக்கமில்லை. "வந்தது வந்துட்டீங்க, சாப்பிட்டுப்போட்டு ரோசனை பண்ணலாமுங்க" என்று நாச்சிமுத்து இலை போடச் சொன்னார். அரிசிம்பருப்பு சாதம், நெய், தயிர். பந்தியில் என் பக்கத்து இலை நவீனுக்கு.

"நீங்களும் பொண்ணு பாக்க வந்தவருங்களா?"

"இல்லீங்க. டேங்க் கொண்டாந்தேன்."

"ஓ," என்றான் மரியாதையாக.

சாப்பிட்டு எழுந்ததும் அவனுக்கு ஆபீஸ் மீட்டிங். தோப்புக்குள் போன் பேசலாம், நெட் சிக்னல் கிடையாது. போனை உயர்த்திக்கொண்டு அலைந்தவன் கடைசியில் டேங்க் மேல் ஏறினான். "இங்க நல்லா எடுக்குதுங்க" என்று மடியில் லேப்டாப்பை விரித்து உட்கார்ந்துவிட்டான். வெயிலில் திரை தெரியவில்லை என்றான். பின்னால் நின்று ஒருவர் குடை பிடித்தார். (ஆமாம். நான்தான்.) சார்ஜ் இறங்குகிறது என்றான். மில்லிலிருந்து வயரை இழுத்துக்கொண்டு பூங்கொடி வந்தாள். என்னைப் பார்த்து, "குடையைக் கொஞ்சம் சாச்சுப் பிடிங்க, அவருக்கு மூஞ்சில வெயில் படுது" என்றாள். அன்று அவள் என்னிடம் பேசிய ஒரே வாக்கியம் அது.

அதற்குள் அக்கம்பக்கத்துத் தோட்டத்துச் சனம் எல்லாம் கூடிவிட்டது. "சண்டையில அடிபட்டதுங்களா? ஒரு பக்கம் பிஞ்சு கெடக்குதே" என்று ஒருவர் பரிதாபப்பட்டார். இன்னொருவர், சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி, உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். சுபேதாருக்குத் தாங்கவில்லை. எல்லோரையும் வரிசையாக உட்காரச் சொன்னார். ஒரு தென்னை ஈர்க்கை எடுத்துக்கொண்டார். புது முகாமில் நடக்க வேண்டிய முதல் வகுப்பு இட்டேரியில் ஆரம்பமானது.

"சந்தேகம் இருந்தா கேக்கலாம்."

"ஏனுங்க," என்றாள் பூங்கொடி, "அந்தச் செவப்புப் பல்சக்கரத்துக்குக் கிரீஸ் எப்படி வெப்பீங்க? கையே போகாது போலிருக்குதே. எங்க மில்லு மெசின்லயும் இதே ரோதனைதானுங்க."

சுபேதாரின் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக வெளிச்சம் வந்தது. "பதினஞ்சு பேட்ச் பாத்துட்டேன்மா, ஒருத்தனும் இதைக் கேக்கல" என்றார்.

மேலே நவீன் சத்தமாகச் சிரித்துவிட்டான். மைக்கை அணைக்க மறந்திருந்தான். ஆபீஸே கேட்டிருக்கும். அவசரமாக லேப்டாப்பை மூடிவிட்டு இறங்கிவந்து, "அந்த மெசினைக் காட்டுறீங்களா?" என்று கேட்டான். காட்டினாள். நான் வெறும் டேங்குக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

பெண் பார்க்கும் சடங்கில் பையனும் பெண்ணும் பேச என்ன நேரம் கொடுப்பார்கள்? காபி ஆறுகிற நேரம். நான் அவர்களுக்கு ஒரு பகல் முழுவதும் வாங்கிக் கொடுத்தேன், ராணுவப் பாதுகாப்போடு.

சாயங்காலம் மீட்பு வண்டி வந்தது. சக்கரத்துக்கடியில் தென்னைமட்டையை அடுக்கி, எல்லோரும் சேர்ந்து குரல் கொடுக்க, டிரெய்லர் வெளியே வந்தது. வாசல் திறந்தது. கார் கிளம்பும்போது நவீனின் அம்மா பேச்சை மாற்றியிருந்தார்: "பையன் இங்கிருந்தே வேலை பாத்துக்கறேங்கறானுங்க. நல்ல நாள் பாத்துட்டு வாரமுங்க."

நாச்சிமுத்து என் சேற்றுக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நெம்ப உபகாரமுங்க தம்பி. உங்க விசயத்தையும் கலந்துட்டுச் சொல்றமுங்க."

அப்போதுதான் அந்த வாக்கியம் எனக்கு முழுசாகப் புரிந்தது.

பட்டாளம் என்னை மறுபடி கூப்பிடவில்லை. பூங்கொடி கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்காரவைத்துப் பரிமாறினார்கள். அந்த வாசலோரத்தில் இப்போது ஓர் இரும்புக் கம்பம் நிற்கிறது. சரியாக டேங்க் உயரம். நெட்டுக்காக நவீன் வைத்தது. அவர்களுடைய மகள் என்னை "டேங்க் மாமா" என்றுதான் கூப்பிடுகிறாள்.

இந்தக் கதையெல்லாம் கேட்ட பிறகும் என்னைக் கட்டிக்கொண்ட சுமதிக்கு என் நன்றி. இன்றைக்கும் குடும்பத்தோடு எங்கேயாவது போகும்போது, இப்படிப் போனால் சீக்கிரம் போய்விடலாம் என்று வண்டியைத் திருப்பினால் போதும். பின்சீட்டில் பிள்ளைகள் அப்போதே வாயைப் பொத்திக்கொள்வார்கள். சுமதி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்பாள்:

"ஏனுங்க, இந்தத் தடத்துல யாரு ஊடுங்க இருக்குது?"