சடையப்பன் பேர் வைக்காத பல்

பல்வலிக்காரர்களில் ஒரு ரகம் உண்டு. வலி வந்தால் மற்றவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகுவார்கள். இவர் அதற்குப் பேர் சொல்லுவார். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஒரே ஒரு பல்லை அடைத்திருப்பார். அதோடு போச்சு நம் நிம்மதி.

சதுரங்கப்பட்டினத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த சடையப்பன் இதில் ஒன்றாம் நம்பர். எழுபத்திமூன்றாம் வருஷம் செங்கல்பட்டு பல் டாக்டர் பாலசுப்ரமணியன் அவருடைய சொத்தையைச் சுரண்டி அடைத்துவிட்டு, பல்லுக்குப் பல் பேர் போட்ட பட அட்டை ஒன்றையும் கையில் கொடுத்தனுப்பினார். கொடுத்திருக்கக் கூடாது. அன்றிலிருந்து பஞ்சர் ஒட்ட வந்தவன், காற்றடிக்க வந்தவன், கட்டுமரத்துக்குப் போகிற வழியில் சும்மா கொட்டாவி விட்டவன் என்று எவன் வாய் திறந்தாலும் ஸ்போக் கம்பியை நீட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பார்.

"சொத்தைன்னு சொல்லாதடா, கேவிட்டின்னு சொல்லு. ஈறு வீக்கம் இல்ல, ஜிஞ்சிவைட்டிஸ். பல்லு புடுங்கறதுன்னு எவனாச்சும் சொல்வானா? எக்ஸ்ட்ராக்‌ஷன்."

வலி குறையுமா? குறையாது. பேர் தெரிந்த வலி கொஞ்சம் மரியாதையாக வலிக்கும் என்பது அவர் கட்சி.

இன்னொன்று உண்டு, அதை அவர் வெளியே சொன்னதில்லை. நாலு மாசமாக அவருக்கே இடது கடைவாயில் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. அதற்கு மட்டும் அவர் பேர் வைக்கவில்லை. வைத்தால் பல் பிடுங்குகிற குறடு வருமே.

அந்தச் சமயத்தில்தான் கரையில் மீன் ஏலம் கூவுகிற தனக்கோடி, வீங்கின கன்னத்தோடு கடைக்கு வந்தாள். மூன்று நாளாகக் கஞ்சிதான். சனிக்கிழமைக்குள் வாய் திறக்காவிட்டால், கூவுகிற வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"இன்னா கீதுன்னு பாரு அண்ணாத்த."

சடையப்பன் கம்பியால் கன்னத்தை ஓரம் தள்ளிப் பார்த்தார். "மோலாரு. எக்ஸ்ட்ராக்‌ஷன்தான், வேற வழி கெடையாது."

"புடுங்கணுமா?"

"டாக்டராண்ட நான் பேசிக்கறேன். நீ பேசுனா வேற எதையாச்சும் புடுங்கிடுவாரு."

திருக்கழுக்குன்றம் வரை தனக்கோடி பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள். செங்கல்பட்டில் டாக்டர், "எங்கம்மா வலிக்குது?" என்றார்.

அவள் வாயெடுப்பதற்குள் சடையப்பன் குறுக்கே பாய்ந்தார். "நீ கம்முனு இரு தனம்." லோயர் என்றார், லெஃப்ட் என்றார், மோலார் என்றார். டாக்டர் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்குப் பொறுக்கவில்லை. தானே நாற்காலியில் ஏறிச் சாய்ந்து, வாயை ஆவென்று பிளந்து, விரலை வைத்துக் காட்டினார். "இந்த எடம் சார். டீப் கேவிட்டி. நரம்பு வரைக்கும் போயிடுச்சி."

டாக்டர் குனிந்து பார்த்தார். ஒரு தட்டு தட்டினார். சடையப்பன் நாற்காலியை விட்டு ஒரு சாண் எழும்பினார்.

"அப்படியே புட்டுப் புட்டு வைக்கிறீங்களே. எக்ஸ்ட்ராக்‌ஷன்தான்."

"சார், பேஷண்டு அவங்க."

"பல்லு உங்களுது."

அவர் மனப்பாடம் செய்த வார்த்தையெல்லாம் எதிரே நின்றுகொண்டு அவரையே கைகாட்டினால் எங்கே ஓடுவது? தனக்கோடி வேறு பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி இறங்கியது. நாக்கு மரத்தது. லோயரும் மோலாரும் வாய்க்குள்ளேயே கொழகொழத்துப்போயின. குறடு கிட்டே வந்தபோது சடையப்பன் சொன்னது ஒரே வார்த்தை. அம்மா.

அடுத்து தனக்கோடி உட்கார்ந்தாள். "நாலு நாள் முன்ன சங்கரா மீனு துன்னேன் சார். அப்ப சுருக்குன்னுது. அதுலேந்துதான்." அவ்வளவுதான் சொன்னாள். டாக்டர் ஈறைக் கிளறி, இடுக்கியால் அரை அங்குல மீன்முள் ஒன்றை உருவிப் போட்டார். பல் தப்பித்தது.

"சனிக்கிழம கூவலாமா சார்?"

"உப்புத் தண்ணியில கொப்பளிச்சிட்டுத் தாராளமா கூவு."

திரும்புகிற பஸ்ஸில் அவள் முள்ளைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு, "இதுக்கு இங்கிலீஸ்ல இன்னா பேரு அண்ணாத்த?" என்று கேட்டாள். சடையப்பன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகினார். வாயில் பஞ்சு.

நீங்கள் அந்த ரகமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதைப் படித்துக்கொண்டே வரும்போது உங்கள் நாக்கு மெதுவாகப் பின்னால் போய் ஒரு பல்லைத் தடவிப் பார்த்துவிட்டு வந்ததே, அந்தப் பல்வலியை ஊரில் என்னவென்று சொல்லிவைத்திருக்கிறீர்கள்? உடம்புச் சூடு என்றா?