கடை வாசலில் விழுந்த கல்

இதை எனக்கு முதலில் சொன்னது என் சின்ன நாத்தனார். போன மழைக்காலத்தில், சட்டை தைக்கக் கொடுத்துவிட்டு முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்த அன்று.

மலையடியில் ஒரு தையல்காரம்மா. ஆண்டவனையும் ஊசியையும் நம்பிப் பிழைப்பவள். ஒரு மழைநாள் காலையில் யானைக்குட்டி அளவுக் கல்லொன்று உருண்டு வந்து அவள் கடை வாசலை அடைத்துக்கொண்டது. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். வெட்டி வைத்த சீருடைத் துணியெல்லாம் உள்ளே, அவள் வெளியே.

கல் அகற்றுவதற்கென்றே ஒரு அலுவலகம் உண்டு. ஆனால் என்ன வகைக் கல் என்று நிர்ணயிக்காமல் கைவைப்பது முறையல்லவே!

தீப்பாறைப் பிரிவு அதிகாரி வந்து, கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். "பிறப்பால கருங்கல்தாம்மா. பூமிக்கடியில சூடும் அழுத்தமும் பட்டு மாறிப்போச்சு. கோடு கோடா இருக்கு பாருங்க. கோடு விழுந்துட்டா எங்க பிள்ளை இல்ல. உருமாறிய பாறைப் பிரிவுக்குப் போங்க."

அந்தப் பிரிவு அதிகாரியும் வந்தார். "கோடு சரி. ஆனா இந்த மூலையில உருகி உறைஞ்சிருக்கே! உருகாம மாறினாத்தான் எங்க பாறை. உருகினா தீப்பாறை."

"அப்ப யாருங்க எடுப்பீங்க?"

"மறுபடி பூமிக்குள்ள போய் முழுசா உருகி வரட்டும். சந்தேகமே இருக்காது."

"எத்தனை நாளாகும் சார்?"

"சில கோடி வருஷம். தாமதம் எங்களால இல்லம்மா, இயற்கையால."

தையல்காரம்மா ஜன்னல் கம்பியை அறுத்து, கீழே ஒரு முக்காலி போட்டாள். வந்தவர்கள் முனகிக்கொண்டே ஏறிக் குதித்தார்கள். ஒருநாள் டாக்டர் வீட்டு அம்மாவும் குதித்தாள். அவ்வளவுதான், ஜன்னல் வழியாகப் போய்த் தைக்கக் கொடுப்பது கௌரவமாகிவிட்டது. எதிர்த் தையல்கடைக்காரரும் லாரியில் கல் இறக்கித் தன் வாசலை அடைத்தார். "கோடே இல்லாத கல்லு!" என்று பெண்கள் உதட்டைப் பிதுக்கினார்கள்.

மேலதிகாரிக்கும் தன் அலுவலக வாசலில் கோடு போட்ட கல் வைக்க ஆசை வந்தது. கோடி வருஷச் சந்தேகம் ஒரே போனில் தீர்ந்தது. இரண்டு அதிகாரிகளும் கிரேனோடு வந்தார்கள்.

தையல்காரம்மா கல்லைக் கட்டிக்கொண்டாள். "எடுக்காதீங்க சார்! என் பிழைப்பே இதுதான்!"

"நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க?"

"ஆண்டவன்கிட்டயும் அப்படித்தான் வேண்டினேன். இப்ப மாத்தி வேண்டறேன். அவரே குழம்பித்தான் போயிருப்பாரு."

உருமாறிய பாறை அதிகாரி கடையைச் சுற்றி வந்தார். "வாசல் சுவராச்சு. ஜன்னல் வாசலாச்சு. இந்தம்மாவும் மாறிட்டாங்க. எல்லாம் அழுத்தத்தால, ஒண்ணும் உருகல. கல்லுலதான் சந்தேகம். கடை சந்தேகமில்லாம எங்க பாறை!" என்று சுவரில் எண் எழுதினார். இனி அவள் ஒரு ஆணி அடிக்கவும் அவர் அனுமதி வேண்டும்.

கல் அங்கேயே நின்றது. மேலதிகாரி வேறு கல் வரவழைத்துத் தன் வாசலை அடைத்தார். இப்போது அந்த அலுவலகத்துக்கு மனுக் கொடுக்கப் போகிறவர்களும் ஜன்னலில்தான் ஏறுகிறார்கள். யாரும் முனகுவதில்லையாம்.

நீங்கள் அந்தம்மாவிடம் தைக்கக் கொடுக்கப் போனால், ஜன்னலில் கால் வைக்குமுன் செருப்பைக் கழற்றிவிடுங்கள். கீழே பிள்ளைகளின் சீருடைத் துணி விரித்திருக்கும்.