கப்பல் ஓட்டும் பெண்ணின் கதி குறித்து

திருத்தணி,
ஞாயிறு காலை.

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற சிவப்பிரகாசம் பணிவன்புடன் எழுதுவது. தங்கள் வேலை நெருக்கடியை உத்தேசித்து, சொல்லப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. தாங்கள் தமிழில் வெளியிட்டுவரும் ஜப்பான் கடற்பயணக் காமிக்ஸில் பெண்களின் உடை.
2. அவர்களின் முகமும் இடுப்பும்.
3. அவர்களுக்கு நேரும் முடிவு.
4. இதனால் என் வீட்டில் வந்த சங்கடம்.

முதலில் உடை. பனிமலை ஏறும் கட்டத்தில் ஆண்கள் அத்தனை பேரும் கழுத்துவரை கம்பளிக் கோட்டு போட்டிருக்க, கப்பல் ஓட்டும் பெண்ணுக்கு மட்டும் கைக்குட்டை அளவில் ஒரு துணி. அவளுக்குச் சளி பிடிக்காதா? மருமகள் சுதா சென்னையிலிருந்து ரயிலில் வரும்போதெல்லாம் இரண்டு தொகுதி கொண்டுவருவாள். என் மனைவி கன்னியம்மாள் முதலில் படிப்பாள். பிறகு என் முறை. வருகிறவர் போகிறவர் கண்ணில் மேலட்டைப் படம் படக்கூடாதே என்று, என் கைக்கு வந்ததும், பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே காக்கி அட்டை போட்டு, மடிப்பை உட்பக்கம் பசை தடவி ஒட்டிவிடுவேன். அலுவலகப் பழக்கம்.

இரண்டாவதில் கன்னியம்மாளும் என் கட்சி. வீட்டில் இரண்டு விசைத்தறி ஓட்டுகிறவள். "எல்லாப் பொண்ணுக்கும் ஒரே மூஞ்சி, முடி மட்டும் வேற. ஒரே டிசைன்ல கலர் மாத்தி நெய்ஞ்ச மாதிரி கீது. இந்த இடுப்புல குடலை எங்க வெச்சிகினு இருக்கா?" என்றாள்.

மூன்றாவதுதான் முக்கியம். ஒவ்வொரு தொகுதியின் தொடக்கத்திலும் அந்தப் பெண் சுக்கானைப் பிடித்தபடி பத்துத் தடியர்களை அதட்டிக்கொண்டிருக்கிறாள். போகப்போக ஒவ்வொன்றாக இழக்கிறாள். முடிவில் கயிற்றால் கட்டுண்டு அழுகிறாள். எல்லாத் தொகுதியிலும் இதே கதி. கதாசிரியருக்குப் பெண்கள்மேல் என்ன கோபமோ தெரியவில்லை. அவர் நடையும் எனக்குக் கடினம். பதில் முதலில் வருகிறது, கேள்வி பிறகு. விழுந்து கிடப்பவன் எழுந்து, அதன்பின் அடி வாங்குகிறான். உயர்ந்த இலக்கியமாக இருக்கும் என்று பொறுத்துக்கொண்டேன்.

நான்காவது. எங்கள் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தேர்தல். தலைவர் பதவிக்குக் கன்னியம்மாள் நிற்கப்போகிறாளாம். இதுவரை பெண்கள் யாரும் நின்றதில்லை. எதிரே நிற்பவர் ஜம்புலிங்கம். அவர் கடையில்தான் நூல் எடுக்கிறோம். அவர் முகம் சுளித்தால் தறி நிற்கும், அடுப்பும் நிற்கும். நாளை மனுத்தாக்கலுக்குக் கடைசி நாள். உறுப்பினனான நானே முன்மொழிய வேண்டும் என்கிறாள். முடியாது என்று நேராகச் சொல்லத் துணிவில்லாமல் காமிக்ஸை உதாரணம் காட்டினேன்.

"தலைமை தாங்கப் போனவள் கடைசியில் அழுகிறாளே, பார்த்தாயா?"

"யாரு அழுதா? கடசில அவதானே கப்பலையே ஓட்டிகினு போறா."

"அழுகிறாள். நானே பார்த்தேன்."

"அப்ப நான் பொய் சொல்றேனா? ஜம்புலிங்கத்துக்குப் பயம்னா பயம்னு சொல்லுங்க. அந்தப் பொண்ணு மேல ஏன் பழி போடறீங்க?"

அன்றிலிருந்து பேச்சில்லை. தட்டு வருகிறது, சோறு வருகிறது, சொல் வருவதில்லை. ஆகவே, அந்தப் பெண் முடிவில் அழுகிறாள் என்று தங்கள் கைப்பட ஒரு வரி எழுதினால் போதும். தபால் தாமதமாகும் என்றால் தொலைபேசியிலாவது தெரிவிக்கவும். தங்களுக்கும் அச்சகத்தில் உள்ள அனைவருக்கும் தணிகை முருகன் நல்ல உடல்நலம் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சிவப்பிரகாசம்

பின்குறிப்பு: மறைத்து அனுப்பத் தைரியமின்றி, கடிதத்தைக் கன்னியம்மாளிடம் காட்டினேன். மூன்றாவதைப் படித்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "இன்னாங்க, எந்தப் பக்கத்துலேர்ந்து படிச்சிகினு இருந்தீங்க?" என்றாள். பேச்சு திரும்பியதே என்று மகிழ்வதற்குள் ஒரு புத்தகத்தை எடுத்து, நான் ஒட்டிய மடிப்பை நகத்தால் உரித்தாள். அடியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள்: 'நில்லுங்கள், இது கடைசிப் பக்கம். மறுபுறம் திருப்பி, வலமிருந்து படிக்கவும்.' திருப்பிப் படித்தேன். அழுதுகொண்டிருந்தவள் கட்டை அவிழ்த்துக்கொண்டு எழுகிறாள். கடைசிப் பக்கத்தில் சுக்கான் அவள் கையில். உடை மட்டும் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அதே அளவுதான். ஆகவே முதலிரண்டு குறைகளும் நிற்கின்றன. கன்னியம்மாளும் அப்படியே எழுதச் சொன்னாள். நாளை காலை முன்மொழிபவனாக நான் சங்கத்துக்குப் போக வேண்டியிருப்பதால் இத்துடன் நிறுத்துகிறேன். மூன்றாவது குறை முழுக்க முழுக்க என் பிழை.