கம்பளி டிரைவரின் லொறிக்குக் குளிர்

லொறிக்குக் குளிருமா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் ராகலை மலைகளில் ஓடும் அத்தனை வாகனங்களின் குளிரையும் எங்கள் கம்பளி டிரைவர் ஒருவரே படுகிறார் என்று சத்தியம் செய்வேன்.

அவருடையது கிளச் இல்லாத பழைய ஓட்டோ கியர் லொறி. நுவரெலியாவுக்கு மரக்கறி ஏற்றுவார். தேயிலைக் கொழுந்து பறிப்பவர்கள் மழைக்குப் போடும் கம்பளியை இரவில் லொறியின் மூக்கில் போர்த்துவார். கியர்பொக்ஸ் கீழேதானே இருக்கிறது என்று கேட்டால், காய்ச்சல்காரனுக்கு நெற்றியில்தானே துணி போடுகிறோம் என்பார்.

கியர் எண்ணெயை வண்டி சூடானபின், எஞ்சின் ஓடும்போதே, சமதரையில் வைத்துப் பார்க்க வேண்டுமாம். எங்கள் தோட்டத்தில் சமதரை என்றால் பெரட்டுக்களம் மட்டும்தான். காலையில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க ஆட்கள் நிற்க, நடுவில் லொறி உறுமும்.

"லொறிக்கும் பேர் போடவா?" என்றார் கங்காணி.

"போடுங்க. அரைநாள் சம்பளத்துக்கு அரைப்பேர் போட்டுறாதீங்க, முழு நாளும் ஓடுது."

நான் சிரிக்காத காலையும் ஒன்று உண்டு. மகனுக்கு மூச்சு இழுத்தது. கணவர் கொழும்பில். திரீவீலர் ஒன்றும் இல்லை. பிள்ளையோடு லொறிக்கு ஓடினேன். அன்று மட்டும் அவர் சூடாக்கவில்லை, எண்ணெயும் பார்க்கவில்லை. உடனே எடுத்தார்.

பெரிய ரோட்டுக்கு ஏறும் கடைசி மேட்டில் எஞ்சின் கத்தியது, லொறி நகரவில்லை. இறங்கி நடக்கட்டுமா என்று கேட்டேன்.

"பேசாம இரு புள்ள. முன்னுக்குப் போகாட்டி பின்னுக்குப் போகும்."

கீழே வளைவுவரை பின்னால் உருட்டி, அங்கே திருப்பி, ரிவர்ஸில் ஏற்றினார். பள்ளத்தைப் பார்த்தபடியே மேலே போனோம். மலையில் நின்ற பெண்கள் கூடையோடு குலுங்கிச் சிரித்தார்கள். நான் மகனின் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். ரோட்டில் ஒரு வேனை மறித்து எங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நேரத்துக்கு வந்தீர்கள் என்றார் டாக்டர்.

கியர்பொக்ஸைக் கழற்றிப் பூட்ட வெகுநாள் ஆனது. அன்று எங்களுக்காகச் சூடாக்காமல் எடுத்ததைச் சொல்லாமல், லொறியை முன்பு வைத்திருந்தவன் தப்பான எண்ணெய் ஊற்றிவிட்டான் என்றுதான் எல்லாரிடமும் சொன்னார்.

இப்போது மகனைக் கிளினிக்குக் கொண்டுபோகும் நாட்களில், விடியும்போதே எங்கள் லயத்து வீட்டு வாசலில் லொறியை நிறுத்திச் சூடாக்குகிறார். "இனி நடுவழியில நிக்காது புள்ள," என்கிறார். புகை முழுவதும் வீட்டுக்குள். மகன் இருமுகிறான். கதவிடுக்கில் துணி அடைத்துப் பார்த்தேன். தள்ளி நிறுத்தச் சொல்லலாமென்று வெளியே போவேன். அவர் முகத்தைப் பார்த்ததும் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுத் திரும்புவேன்.

இதை அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் எழுதுங்கள். புகை வரக்கூடாது. அவர் வராமல் இருந்துவிடவும் கூடாது.